அந்த மூணு நாளும் அக்காவோடது

என் சின்ன மகளுக்கு அம்மா எழுதறது. இங்க நாங்க மூணு பேரும் உடம்பு மட்டுக்கும் நல்லாத்தான் இருக்கோம். நீயும் அங்க சளி, காய்ச்சல், கால் வலின்னு எதுவும் இல்லாம இருக்கணும்னு நினைச்சுக்கிட்டுதான் பேனாவை எடுத்தேன். என்னடா இது, வாரம் ரெண்டு தடவை போன்ல பேசற அம்மா திடீர்னு காகிதத்தோட உட்கார்ந்துட்டாளேன்னு யோசிப்பே. போன்ல பேசினா நீ ரெண்டே வார்த்தையில என்னைச் சிரிக்க வெச்சுடுவே, இல்லைன்னா அழுதுடுவே. எது நடந்தாலும் நான் சொல்ல வந்ததை முழுங்கிட்டு, சாப்பிட்டியாம்மான்னு கேட்டு வெச்சுடுவேன். கடிதத்தை நடுவுல மறிச்சு நீ பேச முடியாதில்ல, அதனால எழுதறேன். உட்கார்ந்து முழுசா படி. பஸ்ல போகும்போது படிக்காதே.

அப்பாவுக்கு முட்டி வலி போன மாசத்தைவிடத் தேவலை. டாக்டர் இனிமே தரையில மண்டி போட்டு டைல்ஸ் ஒட்டக் கூடாதுன்னுட்டார். அதுக்கு உங்கப்பா, அப்போ சுவத்துல மட்டும் ஒட்டறேன்னு அவர்கிட்டயே சொல்லிட்டு வந்திருக்கார். உன் ஃபுட்பால் கிளப்புக்காரங்க உன்னைப் பத்தி எடுத்த வீடியோ படத்தைத் தன் போன்ல வெச்சுக்கிட்டு வேலைக்குப் போற வீட்லயெல்லாம் காட்டறார். ஈர சிமெண்டுக் கையோட போனைத் தேய்ச்சுத் தேய்ச்சு கண்ணாடியே மங்கிப்போச்சு. எனக்கு ஆஸ்பத்திரி துணி அறையில வேலை அதிகம், கூட இருந்த அக்கா ரிட்டையர் ஆயிட்டாங்க, அவங்க இடத்துக்கு ஆள் போடலை, கிழிஞ்ச படுக்கை விரிப்பெல்லாம் என் மெஷின் பக்கத்துல மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. இதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அந்தப் படத்தைப் பத்திதான்.

படம் வந்த அன்னிக்கு நானும் அப்பாவும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து பார்த்தோம். நீ அந்தப் பெரிய மைதானத்துல கேப்டன் பட்டையைக் கையில கட்டிக்கிட்டு ஓடி வந்தப்போ அப்பா மூக்கை உறிஞ்சினது எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் நீ நாற்காலியில உட்கார்ந்து சின்ன வயசைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சே. பதினொரு வயசுல தலைமுடியை வெட்டிக்கிட்டு, ஆம்பளைப் பையன் பேர்ல பசங்க டீம்ல ஒரு சீசன் ஆடினேன்னு சொன்னே. கண்டுபிடிச்சு வெளியே அனுப்பினதும் மைதானத்துக் கேட் முன்னாடி மூணு நாள் உட்கார்ந்தேன்னு சொன்னே. கடைசியில செயலாளர் விதிப்புத்தகத்தைக் காட்டினப்போ, இதுல பிள்ளைகள்னுதானே போட்டிருக்கு, நான் எங்கம்மாவுக்குப் பிள்ளை இல்லையான்னு கேட்டேன்னு சொல்லிட்டு, லேசாச் சிரிச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டே. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் போனை விட்டுக் கண்ணை எடுக்காம, படம்னா நாலும் கலந்துதான் இருக்கும், விடுன்னார்.

நான் எப்படி விடறது, சொல்லு. அந்த முடி வெட்டினது என் கத்திரிக்கோல்ல. துணி அறையிலேருந்து சாணை பிடிக்கக் கொண்டுவந்த கத்திரியை எடுத்து, குளியலறையில தண்ணி வடியற கண்ணாடி முன்னாடி நின்னு, உன் அக்கா தானே தன் தலையை மேடும் பள்ளமுமா வெட்டிக்கிட்டா. அவளை டீம்ல எல்லாரும் மொட்டைன்னுதான் கூப்பிட்டாங்க. ஆறு மேட்ச் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியலை. ஏழாவது மேட்ச்சுல எதிர் டீம் பையனோட அம்மா, எங்க ஆஸ்பத்திரியில நர்ஸ், அட இது நம்ம துணி ரூம் அக்கா பொண்ணாச்சேன்னு வாய் தவறிச் சொல்லிட்டா, பாவம், அவளுக்கு அதுல கெட்ட எண்ணம் இல்லை. அன்னிக்கே ஜெர்சியைக் கழட்டி வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவ நேரா கேட் முன்னாடி போய் உட்கார்ந்தா. முதல் நாள் பசங்க சிரிச்சாங்க. ரெண்டாவது நாள் நல்ல மழை, நான் குடை எடுத்துக்கிட்டுப் போய்க் கூப்பிட்டேன், குடையை வாங்கி வெச்சுக்கிட்டு என்னைப் போகச் சொல்லிட்டா. மூணாவது நாள் அவ டீம் பசங்க ஒவ்வொருத்தனா வந்து அவ பக்கத்துல உட்கார ஆரம்பிச்சுட்டாங்க, உள்ளே மேட்ச் ஆட ஆள் இல்லை. அப்புறம்தான் செயலாளர் வெளியே வந்தார், அப்பாவுக்கு ஆள் அனுப்பினார், அந்தப் பிள்ளைகள் பேச்சு நடந்தது. நான் அங்க இருந்தேன். என் காதால கேட்டேன். அந்த வார்த்தையை இத்தனை வருஷமா நான் யார்கிட்டயும் பெருமையடிச்சது கூட இல்லை, எனக்குன்னு பொத்தி வெச்சிருந்தேன்.

நீ அப்போ எங்க இருந்தே, ஞாபகம் இருக்கா. உனக்கு ஏழு வயசு. முதல் நாள் அக்கா கூடவே போய் உட்கார்ந்தே, பத்து நிமிஷத்துல ஒண்ணுக்கு வருதுன்னு வீட்டுக்கு ஓடி வந்துட்டே. மத்த ரெண்டு நாளும் என்கூடத் துணி அறையிலதான் இருந்தே, பட்டன் டப்பாவைத் தரையில கொட்டிட்டு, வெளுத்து மடிச்சு வெச்ச விரிப்பு மேல ஏறித் தூங்கிட்டே, உன்னைக் கூட வேலை பார்த்த அக்காகிட்ட விட்டுட்டுத்தான் நான் மைதானத்துக்கு ஓடிப் போய் வந்தேன். அவ அந்த கேட்டைத் திறந்து வெச்சதாலதான், மறு வருஷம் உன்னைச் சேர்க்க நான் விண்ணப்பத்தை நீட்டினப்போ ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கலை.

அவளுக்குத் திறந்த கேட் பதினாலு வயசு வரைக்கும்தான். அதுக்கு மேல பசங்க கூட ஆடக் கூடாதுன்னாங்க, பொண்ணுங்களுக்குத் தனியா டீம் கிடையாது. பந்தைக் கட்டில் அடியில தள்ளிட்டுப் படிக்கப் போயிட்டா. உண்மையைச் சொல்லிடறேன், அன்னிக்கு நான் உள்ளுக்குள்ள, அப்பாடான்னு நினைச்சேன். கால் உடையாம வீடு வந்து சேர்ந்தாளேன்னு நினைச்சேன். அந்தப் பாவம் எனக்கு உண்டு. அஞ்சு வருஷம் கழிச்சுப் பொண்ணுங்க டீம் ஆரம்பிச்சப்போ உனக்குப் பதினஞ்சு, அவளுக்குப் பத்தொன்பது. தேர்வுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனீங்க. உன்னை எடுத்தாங்க. அவளை, அஞ்சு வருஷமா ஆடாததுல கால் கனத்துப்போச்சும்மான்னு திருப்பி அனுப்பினாங்க. அவ உன் பையைத் தூக்கிக்கிட்டு வந்தா. வாசல்லேருந்தே அம்மா, நம்ம வாலு பாஸ்னு கத்திக்கிட்டு வந்தா. தன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை, நான் கேட்டதுக்கப்புறம்தான் தலையை மட்டும் ஆட்டினா.

அதுக்கப்புறம் நீ வளர்ந்ததெல்லாம் உன் உழைப்பு, அதுல ஒருத்தரும் பங்கு கேட்க வரலை. கீழ் வீட்டு ரிட்டையர்டு கிளார்க் தினமும் வந்து சண்டை போடற வரைக்கும் நம்ம வீட்டுச் சுவத்துல இடது காலால பந்தை அடிச்சுக்கிட்டே இருந்தே. மணிக்கட்டு உடைஞ்சதை மறைச்சு, முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு ரெண்டு மேட்ச் ஆடினே. பதினேழு வயசுல நாட்டுக்கு ஆடினே, ஜெர்சி உனக்குத் தொளதொளன்னு இருக்கேன்னு நான்தான் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சுக் கொடுத்தேன். இருபது வயசுல தனியா விமானம் ஏறிப் போனே. முதல் சீசன்ல பதினெட்டு மேட்ச், ஒண்ணுல கூட இறக்கலை, ஓரத்துல கோட்டு மாட்டிக்கிட்டு உட்கார்ந்தே. அந்தப் பதினெட்டு மேட்ச்சையும் உன் அக்கா பார்த்திருக்கா தெரியுமா, நீ ஆடாத மேட்ச்சை. அவங்க எந்த இடத்துல ஆள் இல்லாம தடுமாறறாங்கன்னு பார்த்து, நீ அங்க ஓடிப் பழகுன்னு, பஸ் ஓட்டற வேலைக்கு நடுவுல டிப்போவுல சாப்பாட்டு நேரத்துல உனக்கு எழுதி அனுப்புவா. மறு சீசன் நீ பதினோரு கோல் போட்டே. இதெல்லாம் உன் கதைதானே. பெஞ்சுல உட்கார்ந்து தேய்ஞ்ச கதையை நீ சொல்லியிருந்தா நான் ஊரைக் கூட்டி உட்கார வெச்சுக் காட்டியிருப்பேன். அதை ஏன் வெட்கப்பட்டு ஒளிச்சுட்டு, அவளோட மூணு நாளை எடுத்துக்கிட்டே?

இதோட போயிருந்தா நான் மனசுக்குள்ளயே வெச்சுப் புழுங்கிட்டு விட்டிருப்பேன். நடந்தது கேளு. அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில அதே மைதானத்துல பதிமூணு வயசுக்குக் கீழே பொண்ணுங்க பதினாலு பேருக்குப் பயிற்சி கொடுக்கறது உனக்குத் தெரியும். உன் படத்தை அந்தப் பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டணும்னு அவளே அலைஞ்சு, கிளப் அறை டிவியில ஏற்பாடு பண்ணியிருக்கா. உங்க எல்லாருக்கும் என் தங்கச்சியைக் காட்டப் போறேன்னு முதல் நாளே புது சட்டை எடுத்து வெச்சா. அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தி, வீட்ல விட மாட்டேங்கறாங்கன்னு அழுதப்போ, கேட் முன்னாடி உட்கார்ந்த கதையை அக்கா முன்னாடியே அவங்களுக்குச் சொல்லியிருக்கா போல. படத்துல அந்த இடம் வந்ததும் பதினாலு தலையும் இவ பக்கம் திரும்பியிருக்கு. ஒருத்தி கேட்டிருக்கா, கோச், நீங்க எங்களுக்குச் சொன்னது உங்க தங்கச்சி கதையான்னு. உன் அக்கா என்ன சொன்னா தெரியுமா? ஆமான்னு சொல்லிட்டா. நீ அத்தனை பேர் முன்னாடி பொய்க்காரி ஆகக் கூடாதுன்னு தன்னைப் பொய்க்காரி ஆக்கிக்கிட்டா.

பிள்ளைங்க வீட்ல போய்ச் சொல்லியிருக்காங்க. ஒரு அப்பா வந்து, குழந்தைங்ககிட்ட அளந்து விடறவங்க கிட்ட எப்படிம்மா அனுப்பறதுன்னு முகத்துக்கு நேரா கேட்டிருக்கார். இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி போட்டுட்டாங்கன்னு சொல்லிட்டு நாலு வாரமா காலையில கிளம்பிப் போனா. ஒரு நாள் கண்ணாடியை மறந்துட்டுப் போனா, கண்ணாடி இல்லாம எப்படி பஸ் ஓட்டுவான்னு நான் டிப்போவுக்கு ஓடினேன். அங்க இருக்கற ஆள், அவங்களுக்கு இன்னிக்கு லீவு, ஓய்வறையில இருக்காங்கன்னார். போய்ப் பார்த்தா யூனிஃபார்ம் இல்லை ஒண்ணும் இல்லை, பெஞ்சுல உட்கார்ந்து காத்துப் போன பந்துகளுக்கு ஒண்ணொண்ணா பம்ப் அடிச்சுக்கிட்டிருக்கா. என்னைப் பார்த்ததும் சிரிக்கத்தான் பார்த்தா, வாய் கோணிப்போச்சு. பதினாலு வயசுல பந்தைக் கட்டிலுக்கு அடியில தள்ளினப்போ அழாதவ, அன்னிக்கு என் தோள்ல சாய்ஞ்சு அழுதா. அவங்க என்னைப் பார்க்கற பார்வைதான்மா தாங்க முடியலைன்னா.

அன்னிக்கு சாயந்திரம்தான் உனக்கு போன் பண்ணினேன். நீ முதல்ல, எழுதிக் கொடுத்தவங்க அப்படி எழுதிட்டாங்கம்மான்னே. சரின்னு கேட்டேன். அப்புறம், அங்க எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்கு, என்கிட்ட மட்டும் ஒண்ணும் இல்லைன்னே. அதையும் கேட்டேன். கடைசியா ஒண்ணு சொன்னே பாரு, அக்காதான் விளையாட்டை விட்டுட்டாளே, அந்தக் கதை இனிமே அவளுக்கு எதுக்கும்மான்னு. நான் போனை வெச்சுட்டேன். போன் கட் ஆயிடுச்சுன்னு நீ நினைச்சிருப்பே. அது தானா கட் ஆகலை. யார் என்ன சொன்னாலும் தாங்கியிருப்பேன், நான் பெத்தது, பக்கத்துல படுக்க வெச்சு வளர்த்தது, இவ்வளவு சுலபமா அந்த வார்த்தையைச் சொல்லும்னு நான் நினைக்கவே இல்லை. ரெண்டு நாள் வேலையில ஊசி கோக்கக் கூட வரலை. உன்னை நம்பிக் கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கினவ மாதிரி இருக்கு எனக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார்கிட்டயும் சொல்லாம மைதானத்துக்குப் போனேன். பிள்ளைங்க பெரியவங்க யாரும் இல்லாம தாங்களா உதைச்சுக்கிட்டிருந்தாங்க. கூப்பிட்டு உட்கார வெச்சு, உங்க கோச் சொன்னதுதான் நடந்தது, நான் பக்கத்துல இருந்து பார்த்தவள்னு முழுசாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. அப்புறம் அதுல ரெண்டு பின்னல் போட்ட பொடிசு ஒண்ணு, அப்போ ஆன்ட்டி, பொய் சொன்னது யாருன்னு கேட்டுச்சு. ஒருத்தியைக் காப்பாத்தணும்னா ஒருத்தியைக் கைவிடணும், அந்தக் குழந்தைக்கு அது தெரியுமா. படம் எடுத்தவங்கன்னு சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா அதுவும் பொய்தானே. என் சின்ன பொண்ணுதான் சொன்னாள்னு சொல்லிட்டேன். உன்னைப் பெத்ததுலேருந்து அடுத்தவங்க முன்னாடி உனக்கு எதிரா நான் பேசின முதல் வார்த்தை அதுதான். வேற யாராவது சொல்லி நீ தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னுதான் இந்தக் கடிதம். நீ எனக்குச் செஞ்சதை நானும் உனக்குச் செஞ்சுட்டேன்னு உனக்குத் தோணினா, தோணட்டும். எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோணுது.

அதுல ஒருத்தி நான் பேசினதைப் போன்ல பிடிச்சிருக்கா, எனக்குத் தெரியலை. எப்படியோ நான் அங்க நிக்கும்போதே அக்கா காதுக்குப் போயிடுச்சு. அவ வீட்டுச் செருப்போட ஓடி வந்து, அந்தப் பொண்ணு கையிலேருந்து போனை வாங்கி, தானே அதை அழிச்சுட்டுத்தான் மூச்சு விட்டா. அப்புறம் என் பக்கம் திரும்பினா பாரு. இது வெளியில போனா அவ பேர் என்ன ஆகும்னு யோசிச்சியா, ஏழு கடல் தாண்டித் தனியா இருக்கறவளைப் பத்தி இப்படியா பேசறதுன்னு அத்தனை பிள்ளைங்க முன்னாடி என்னைக் கத்தினா. அவ என்னைக் கத்தி நான் பார்த்ததே இல்லை. இன்னிக்கு ஒன்பது நாள் ஆச்சு, என்கூடப் பேசலை. சாப்பாடு போட்டா சாப்பிடறா, தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போயிடறா. அப்பா நடுவுல உட்கார்ந்து, உங்கம்மாகிட்ட உப்பைக் கேளு, உன் பொண்ணுகிட்ட உப்பைக் கொடுன்னு ரெண்டு பக்கமும் தூது போயிட்டிருக்கார்.

ஒரு நல்லது நடந்தது, அதையும் எழுதிடறேன், அக்கா பஸ் கண்டக்டர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். புதன்கிழமை பள்ளிக்கூடம் விடற நேரத்துல அந்தப் பிள்ளைங்க ஒன்பது பேர் அக்கா ஓட்டற பஸ்ல ஏறியிருக்காங்க. டிக்கெட் எடுத்து, முன் சீட்டாப் பார்த்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாம கடைசி நிறுத்தம் வரைக்கும் வந்திருக்காங்க. எல்லாரும் இறங்கினப்புறம் அந்த ரெண்டு பின்னல்காரி டிரைவர் சீட் பக்கத்துல வந்து நின்னு, கோச், ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கா எட்டு மணிக்கான்னு கேட்டிருக்கா. அக்கா கண்ணாடி வழியா ரோட்டையே பார்த்துக்கிட்டு, ஏழு மணி, லேட்டா வந்தா ரெண்டு ரவுண்டுன்னாளாம். இந்த வாரம் போயிட்டு வந்தா. சாக்ஸ் முழுக்க சேறு. நான்தான் துவைச்சேன்.

உனக்கு நான் சொல்ற புத்தி இவ்வளவுதான். எனக்கு போன் பண்ணி அழாதே, நான் உருகிடுவேன், அப்புறம் இது இப்படியே மூடிப் போயிடும். அக்காவுக்குப் பண்ணு. ராத்திரி எட்டு மணிக்கு மேல வீட்லதான் இருப்பா. பரவாயில்லை விடுன்னுதான் சொல்லுவா, அதைக் கேட்டு நீ விட்டுடாதே. அடுத்த மாசம் லீவுல வரும்போது அந்தப் பதினாலு பேர் முன்னாடி நின்னு உன் வாயால சொல்லு, படம் எடுத்தவங்களுக்கும் எழுது. கேப்டன் பட்டையைக் கழட்டிடுவாங்களோன்னு பயப்படாதே, கழட்டினாலும் உன் கால் உன்கிட்டதான் இருக்கும். உன்னை மன்னிச்சுட்டேன்னு இந்த இடத்துல எழுதணும்னு நினைச்சு ரெண்டு தடவை எழுதிட்டு அடிச்சுட்டேன், அடிச்ச இடம் உனக்குத் தெரியும் பாரு. அது இன்னும் எனக்குள்ள வரலை. வராததை வந்ததா எழுதினா, நானும் உன்னை மாதிரிதான் ஆவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மேட்ச் இல்லாத நாள்ல நல்லாத் தூங்கு, குளிர்ல தலையை ஈரமா வெச்சுக்கிட்டு வெளியே போகாதே. நீ ஓடற இடமெல்லாம் விழாம ஓடணும், விழுந்தாலும் எழுந்துக்கத் தெம்பு இருக்கணும்னு நான் எப்பவும் வேண்டிக்கறது வேண்டிக்கிட்டேதான் இருக்கேன், கோபத்துல அதை நிறுத்தலை. அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். அக்காவுக்கு நான் எழுதறது தெரியாது.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேருக்கும் அம்மா